மிதிவண்டிக்கும் பாடபேதம் உண்டு

பழைய மிதிவண்டிகளைத் தேடிச் சேர்ப்போர் நான்கு பேர் கூடியிருக்கும் இடத்தில் அமர்ந்து கேட்டவர்களுக்குத் தெரியும், அங்கே பேச்சு மூன்று தடங்களில் ஓடும். என்னிடம் என்ன இருக்கிறது என்பது முதலாவது. அதை எந்தக் காயலான் கடையில், எந்தக் கொட்டகைப் பரணில், என்ன விலைக்குக் கண்டெடுத்தேன் என்பது இரண்டாவது. அதை எப்படி ஓட்ட வேண்டும் என்பது மூன்றாவது. மூன்றாவதற்கு வந்து சேர்வதற்குள் பெரும்பாலும் பொழுது சாய்ந்துவிடும். இந்தக் கூட்டத்தாருடன் எனக்குச் சில ஆண்டுகளாகப் பழக்கம் உண்டு. அவர்களது உழைப்பின்மீது மதிப்பும் உண்டு. ஊரே எடைக்குப் போட்டுவிட்ட ஒரு பொருளைப் பேரம் பேசி மீட்டுக்கொண்டு வருகிறவர்களை எவ்வாறு குறை சொல்வது? ஆயினும் அவர்களிடையே மந்திரம்போல் வழங்கும் ஒரு சொல்லோடு எனக்குத் தீராத வழக்கு இருக்கிறது. 'ஒரிஜினல்' என்பது அச்சொல். இக்கட்டுரை அந்த வழக்கைப் பற்றியது.

முதலில் அவர்களது இன்பத்தைச் சொல்லிவிட வேண்டும். அது பொய்யான இன்பமன்று. பழைய வண்டியொன்றை அடையாளம் காண்பது, முதலும் கடையும் சிதைந்த ஏட்டுச்சுவடியை இன்ன நூல் என்று காண்பதற்கு ஒப்பான வேலை. பெயின்ட் போய், பெயர்த்தகடு கழன்று, துருவின் நிறமே வண்டியின் நிறமாகிவிட்ட ஒன்றை முன்னே நிறுத்தினாலும் தேர்ந்தவர் கண் நேராகப் பெடலை ஒட்டிய பெரிய பல்சக்கரத்துக்குப் போகும். அதில் நாரையின் தலைகள் வெட்டப்பட்டிருந்தால் ராலே. ஓடுகின்ற மனித உருவங்கள் இருந்தால் ஹம்பர். விரித்த உள்ளங்கை இருந்தால் ரட்ஜ். பி.எஸ்.ஏ. என்ற மூன்றெழுத்தின் விரிவில் 'சிறுபடைக்கலம்' என்றொரு சொல் ஒளிந்திருப்பதும், 1861இல் பர்மிங்ஹாமில் துப்பாக்கி செய்வதற்காகத் தொடங்கப்பட்ட நிறுவனம் அது என்பதும், அதனால்தான் அதன் இலச்சினையில் மூன்று துப்பாக்கிகள் சாய்த்து நிறுத்தப்பட்டிருக்கின்றன என்பதும் இவர்களிடம் கேட்டால் தெரியும். ஸ்டர்மி ஆர்ச்சர் மூன்று வேக ஹப் பின்சக்கரத்தில் இருந்துவிட்டால் கொண்டாட்டம்தான். அதன் உடலில் ஆண்டின் கடைசி இரண்டு இலக்கங்கள் பொறிக்கப்பட்டிருக்கும். 52 என்றிருந்தால் 1952. பக்கத்தில் மாதமும் இருக்கலாம். நம் சுவடிகளில் ஏடெழுதி முடித்த நாளைக் குறித்துவைக்கும் வழக்கம் இருந்ததே, அதைப் போல. சில வண்டிகளில் நகராட்சியோ பஞ்சாயத்தோ அடித்துக் கொடுத்த வரி வில்லையும் எஞ்சியிருக்கும். மிதிவண்டிக்கு ஆண்டுதோறும் வரி கட்டி வில்லை வாங்கிப் பொருத்தியாக வேண்டும் என்று ஒரு காலம் இருந்தது என்றால் என் மாணவர்கள் நம்ப மறுக்கிறார்கள்.

இவ்வளவும் வாசிக்கத் தெரிந்த கண், அடுத்த அடியில் குருடாகிவிடுவதுதான் என் வருத்தம்.

வண்டி வீட்டுக்கு வந்த மறுநாள் அதன் 'ஒரிஜினல்' நிலையை மீட்கும் வேலை தொடங்குகிறது. நாட்டிங்ஹாமிலோ பர்மிங்ஹாமிலோ தொழிற்சாலை வாயிலைக் கடந்து வந்தபோது எப்படி இருந்ததோ அப்படியே ஆக்கிவிட வேண்டும் என்பது குறிக்கோள். அதற்காகப் பிற்காலத்தில் சேர்ந்தவை அனைத்தும் கழற்றி எறியப்படுகின்றன. சட்டகம் மணல்வீச்சுக்குப் போகிறது. கறுப்பு பெயின்டும் பொன்னிறக் கோடுகளும் புதிதாக ஏறுகின்றன. முடிந்தபின் வண்டி பளபளவென்று நிற்கிறது. அதைப் பார்க்கும்போது எனக்குக் கோயில் திருப்பணிதான் நினைவுக்கு வருகிறது. இதே மணல்வீச்சு இயந்திரத்தைக் கொண்டுதான் நம் கோயில் சுவர்கள் பலவற்றில் அழுக்கு நீக்கினார்கள். அழுக்கோடு கல்வெட்டெழுத்துகளும் மழுங்கின. சுவர் சுத்தமாயிற்று. அதில் எழுதியிருந்தது போயிற்று.

ஒரு நிகழ்ச்சியைச் சொன்னால் விளங்கும். எங்கள் பக்கத்தில் ஒரு பால்காரர் நாற்பது ஆண்டுகளுக்கு மேல் ஓட்டிய ஹெர்குலிஸ் வண்டியொன்று, அவர் காலமானபின் விற்பனைக்கு வந்தது. அதன் கேரியர் தொழிற்சாலைக் கேரியர் அன்று. ஊர்ப் பட்டறையில் தடித்த இரும்புக் கம்பியை வளைத்துப் பற்றவைத்து, இரு புறமும் பால்கேன் தொங்குவதற்குக் கொக்கிகள் விட்டுச் செய்தது. பின் அச்சிலிருந்து கேரியருக்கு இரண்டு முட்டுக்கம்பிகள். முன் ஃபோர்க் வளைந்துவிடாமல் இரு புறமும் தாங்குகம்பி. சீட்டுக்கும் ஹேண்டிலுக்கும் இடையே உள்ள தண்டுக்குக் கீழே இன்னொரு தண்டு. கேன் உரசி ஓசை எழாமலிருக்கக் கொக்கியைச் சுற்றிப் பழைய டியூபு வார். ஹேண்டில் பாரின் இடப்புறம் மட்டும் கைபட்டுத் தேய்ந்து வழவழப்பாக இருந்தது. வலக்கை எங்கே இருந்திருக்கும் என்று நான் எண்ணிப் பார்த்தேன். தள்ளிக்கொண்டு நடக்கும்போது வலக்கை பின்னால் கேனைப் பிடித்திருக்க வேண்டும். அவர் ஓட்டியதைக் காட்டிலும் தள்ளி நடந்தது அதிகமோ என்னவோ!

வாங்கிய நண்பர் நல்லவர், செலவுக்கு அஞ்சாதவர். இரண்டு மாதம் கழித்து அழைத்துக் காட்டினார். கேரியர் இல்லை, தாங்குகம்பி இல்லை, இரண்டாம் தண்டு அறுத்து அராவி மெழுகப்பட்டிருந்தது. ஹேண்டில் பாருக்குப் புதிய முலாம். "இப்பதான் சார் ஒரிஜினலா இருக்கு" என்றார். அறுத்தெடுத்தவற்றை என்ன செய்தீர்கள் என்று கேட்டேன். கடையில் போட்டுவிட்டாராம். நாற்பது ஆண்டு வாழ்க்கையைக் கிலோ கணக்கில் விற்றுவிட்டு, ஒரு விற்பனைப் பட்டியலின் படத்தை அவர் வீட்டுக் கூடத்தில் நிறுத்தியிருக்கிறார் என்று எனக்குத் தோன்றியது. அவரிடம் சொல்லவில்லை. இங்கே சொல்கிறேன்.

தமிழ் படித்தவன் என்பதால் எனக்கு இந்தச் சிக்கல் ஒரு பழைய சிக்கலாகத் தெரிகிறது. மூலபாடம் எது, இடைச்செருகல் எது என்ற வினா பதிப்பாசிரியர் ஒவ்வொருவரையும் வாட்டியதுதான். உ.வே.சாமிநாதையர் 1887இல் சீவகசிந்தாமணியைப் பதிப்பித்தது முதல் கடைப்பிடித்த நெறியை எண்ணிப் பாருங்கள். தமக்குச் சரியென்று பட்ட பாடத்தை மேலே வைத்தார். மற்றைப் பிரதிகளில் கண்ட வேறுபாடுகளைக் கீழே குறித்தார். தாம் தள்ளிய பாடத்தையும் அடுத்து வருபவன் பார்த்துச் சீர்தூக்கட்டும் என்று விட்டுவைத்தார். அவர் வேண்டாத ஏடுகளை அடுப்பில் போட்டிருந்தால் நமக்கு இன்று ஆராய்ச்சி என்ற ஒன்றே இருந்திராது. பட்டறையில் பற்றவைத்த கேரியர் அந்த வண்டியின் பிரதிபேதம். அதை ஏற்பதும் ஏற்காததும் ஒருவர் விருப்பம். அழிப்பதற்கு உரிமை இல்லை என்பது என் கட்சி.

இதற்கு மேலும் ஒன்றுண்டு. 'மூலம்' என்று இவர்கள் துரத்துகிற அந்தத் தொழிற்சாலை நிலைதான் அத்தனை தூயதா? ராலே நிறுவனம் 1932இல் ஹம்பரை வாங்கியது. 1943இல் ரட்ஜை வாங்கியது. 1957இல் பி.எஸ்.ஏ.யின் மிதிவண்டிப் பிரிவை வாங்கியது. 1960இல் ஹெர்குலிஸும் ஃபிலிப்ஸும் அடங்கிய குழுமத்தோடு ராலேயே இணைந்தது. ஒரே கூரையின் கீழ் செய்த வண்டிக்கு வெவ்வேறு பெயர்த்தகடு அறைந்து அனுப்பிய காலம் அது. இந்தியாவிலோ கதை இன்னும் கலப்பு. முருகப்பா குழுமம் இங்கிலாந்து நிறுவனத்தோடு கூட்டுச் சேர்ந்து 1949இல் டி.ஐ. சைக்கிள்ஸைத் தொடங்கி அம்பத்தூரில் ஹெர்குலிஸைச் செய்தது. பின்னர் பி.எஸ்.ஏ.யும் ஃபிலிப்ஸும் அங்கிருந்தே வந்தன. வங்காளத்து ஆசன்சோலில் 1950களில் சென்-ராலே ஆலை எழுந்தது. நம் தாத்தாமார் 'சீமை வண்டி' என்று பெருமையோடு ஏறி இறங்கியவற்றில் எத்தனை அம்பத்தூரிலும் ஆசன்சோலிலும் பிறந்தவையோ! நாட்டிங்ஹாம் ஆலையிலேயே 2002இல் உற்பத்தி நின்றுபோயிற்று. இப்போது மூலம் என்று எந்த ஊரைக் கைகாட்டுவது?

நண்பர்கள் இதற்குச் சொல்லும் மறுமொழி எனக்குத் தெரியும். பழுதுபார்த்ததையும் ஒட்டுப்போட்டதையும் எல்லாம் காப்பாற்றிக்கொண்டிருந்தால் அது சேகரிப்பா, குப்பையா என்பார்கள். அவர்களை வியட்நாமுக்குப் போய்ப் பார்க்கச் சொல்வேன். 1954இல் தியன் பியன் பூ போரின்போது மலைப்பாதைகளில் அரிசியும் வெடிமருந்தும் போய்ச் சேர்ந்தது பெரும்பகுதி மிதிவண்டியில்தான். பல பிரெஞ்சு பூஜோ வண்டிகள். ஓட்டவில்லை, தள்ளினார்கள். ஹேண்டில் பாரில் நீண்ட மூங்கிலைக் கட்டி, சீட்டுக் குழாயில் இன்னொரு மூங்கிலைச் செருகி, சட்டகத்துக்கு மரமும் கம்பியும் முட்டுக்கொடுத்து, டயருக்குள் துணிக்கிழிசலைச் சுற்றி, ஒரு வண்டியில் 200 கிலோவும் அதற்கு மேலும் ஏற்றினார்கள். பிரெஞ்சுப் படை தன் கணக்கில் சேர்க்காத வண்டிகள் இவை. அந்த மூங்கில்களோடும் கட்டுகளோடும்தான் அவ்வண்டிகள் அங்குள்ள அருங்காட்சியகங்களில் நிற்கின்றன. மூங்கிலை அவிழ்த்துவிட்டு, பிரெஞ்சுத் தொழிற்சாலையிலிருந்து வந்த நிலைக்கு மீட்டுவிட்டோம் என்று எவராவது சொன்னால் அந்நாட்டார் சிரிப்பார்களா, அடிப்பார்களா?

அவ்வளவு தொலைவு போகவும் வேண்டாம். யாழ்ப்பாணத்தில் 1990களின் பொருளாதாரத் தடைக்காலத்தில் மின்கலமும் மின்சாரமும் இல்லாதபோது, துவிச்சக்கரவண்டியை நிறுத்திவைத்துப் பெடலைச் சுற்றி, டைனமோவிலிருந்து வந்த மின்சாரத்தில் வானொலிச் செய்தி கேட்டார்கள். அப்படியொரு வண்டி இன்று கிடைத்தால், டைனமோவில் ஒட்டுப்போட்டு இழுத்த அந்தக் கம்பியைக் காட்டிலும் 'ஒரிஜினல்' அதில் வேறென்ன இருக்க முடியும்?

புதுக்கோட்டையை எடுத்துக்கொள்ளுங்கள். 1990களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கத்தோடு சேர்த்துப் பெண்களுக்கு மிதிவண்டி ஓட்டக் கற்றுக்கொடுத்தார்கள். மாவட்ட ஆட்சியராக இருந்த ஷீலாராணி சுங்கத் அதனை முன்னின்று நடத்தினார். ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கிராமப்புறப் பெண்கள் வண்டி ஓட்டத் தொடங்கிய அந்நிகழ்வைப் பத்திரிகையாளர் பி.சாய்நாத் எழுதி, அது 1996இல் அவரது நூலிலும் இடம்பெற்றது. அதில் ஒரு சிறு செய்தி வருகிறது. பெண்கள் ஓட்டும் வளைதண்டு வண்டிகளுக்குத் தட்டுப்பாடு. அதனால் ஆண்கள் வண்டியிலேயே கற்றார்கள். பிறகு சிலர் அதையே விரும்பவும் செய்தார்கள். காரணம், சீட்டுக்கும் ஹேண்டிலுக்கும் இடையிலுள்ள தண்டில் குழந்தையை உட்காரவைக்கலாம். வண்டி வடிவமைத்தவர் ஒன்று நினைக்க, ஓட்டியவர் வேறொன்று கண்டார். அந்தத் தண்டில் துணி சுற்றிய ஒரு வண்டி எவர் கைக்காவது வந்து, துணியை அவிழ்த்து எறிந்துவிட்டு மெருகேற்றியிருப்பாரோ என்று நினைத்தால் மனம் பதைக்கிறது.

எதிர்த் தரப்புக்கும் நியாயம் இல்லாமலில்லை. துரு தின்ற சட்டகம் பாதி வழியில் முறியும், அதை வைத்துக்கொண்டு தத்துவம் பேசலாகாது. கைபடாமல் பரணில் கிடந்த வண்டி கிடைத்தால் அதை அப்படியே பேணுவதும் தகும், தொழிற்சாலையின் கைத்திறனும் அறியவேண்டியதுதானே. புனேயில் விக்ரம் பென்ட்சே ஒரு காட்சிக்கூடமே அமைத்திருக்கிறார். அங்கே போய்வந்தவர்கள் அதன் ஒழுங்கைச் சொல்லிச் சொல்லி மாய்கிறார்கள். என் வழக்கு அவற்றோடு இல்லை. உழைத்த வண்டியை உழைக்காததுபோல் வேடமிட்டு நிறுத்துவதோடுதான்.

இனி அந்த மூன்றாவது பேச்சு, ஓட்டும் முறை. தேநீருக்குப் பின் அவசரமாக முடிக்கப்படும் இதில்தான் மிகப் பெரிய புதையல் கிடக்கிறது என்பது என் எண்ணம். இரும்பைப் பரணில் போட்டுவைத்தால் ஐம்பதாண்டு கழித்தும் கிடைக்கும். ஓட்டும் வித்தை உடம்பில் மட்டும் இருப்பது. ஓட்டுகிறவனோடு போய்விடும்.

நம்மூரில் வண்டி ஏறுவதற்கே எத்தனை வகை! இடக்காலைப் பெடலில் வைத்து, வலக்காலால் இரண்டு உந்து உந்தி, வண்டி ஓட்டம் பிடித்ததும் காலைப் பின்புறமாக வீசிச் சீட்டில் அமர்வது பொதுவழக்கு. பின்னால் சுமை இருந்தால் அது நடவாது. காலை மடக்கி முன்தண்டின் மேலாகத் தாண்டிப் போடவேண்டும். வேட்டியின் ஒரு முனையை அதற்கு முன்பே தூக்கிச் செருகியிருக்க வேண்டும். இறங்கும்போது இதே வரிசை தலைகீழ். சுமை கூடக்கூட இறங்கும் இடத்தையும் முன்னதாகவே கண்ணால் தேர்ந்துவிடுவார்கள், வண்டியைச் சாய்க்க ஒரு மரமோ திண்ணையோ வேண்டுமல்லவா.

சிறுவர்களுக்கு வேறு வழி. 24 அங்குலச் சட்டகத்தில் சீட்டு எட்டாது. தண்டுக்குக் கீழே, முக்கோண இடைவெளியில் வலக்காலை நுழைத்து வலப்பெடலை மிதிக்க வேண்டும். உடம்பு முழுவதும் வண்டியின் இடப்புறம். அதைச் சமன்செய்ய வண்டி வலப்புறம் சாய்ந்தே ஓடும். குரங்குப் பெடல் என்று பெயர். ராசி அழகப்பன் கதையைத் தழுவி 2024இல் வந்த திரைப்படம் ஒன்று அதே பெயரைத் தாங்கி வந்தபோது, அந்தச் சொல்லுக்குப் பொருள் கேட்ட இளைஞர்களை நான் அறிவேன். சிறுவர் அளவிலேயே வண்டிகள் வந்துவிட்டபின் அந்த வித்தைக்குத் தேவை இல்லாது போயிற்று. தேவையில்லாத வித்தை மறைவதில் எனக்குப் புகார் இல்லை. ஆனால் யாராவது எழுதிவைக்க வேண்டும். கை எங்கே, கால் எங்கே, விழும்போது எந்தப் பக்கம் விழவேண்டும் என்பது வரை.

இதில் அறிவியலும் இருக்கிறது. மிதிவண்டி ஏன் விழாமல் ஓடுகிறது என்பதற்கு, சுழலும் சக்கரம் பம்பரம்போல் நிற்க முயல்வதால் என்று நெடுநாள் விடை சொல்லிவந்தார்கள். முன்சக்கரம் தொட்டுநிற்கும் இடம் ஹேண்டிலின் அச்சுக்கு அப்பால் பின்தங்கியிருப்பதால் என்றும் சொன்னார்கள். 2011இல் நெதர்லாந்து, அமெரிக்க ஆய்வாளர்கள் இவ்விரண்டும் இல்லாத ஒரு வண்டியைச் செய்து, அதுவும் தானே நிமிர்ந்து ஓடுவதைக் காட்டினார்கள். இடப்பக்கம் திரும்ப வேண்டுமானால் ஹேண்டிலைக் கணநேரம் வலப்பக்கம் திருப்பியாக வேண்டும் என்பதை, மிதிவண்டிக் கடை வைத்திருந்த ரைட் சகோதரர்களில் வில்பர் கவனித்துச் சொன்னார். கேட்டால் ஓட்டுபவர் எவரும் மறுப்பார். ஆனால் அவர் உடம்பு அதைத்தான் செய்துகொண்டிருக்கும். உடம்புக்குத் தெரிந்தது வாய்க்குத் தெரியாது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

பழைய வண்டிக்கென்றே தனி நுட்பங்கள் உண்டு. கம்பி பிரேக்கில் கட்டை, ரிம்மின் உட்புறத்தில் வந்து பற்றும். முலாம் பூசிய இரும்பு ரிம் மழையில் நனைந்தால் பிரேக் வழுக்கிக்கொண்டு போகும். அனுபவசாலிகள் நிறுத்தவேண்டிய இடத்துக்கு நெடுந்தொலைவு முன்பே இலேசாகப் பிடித்து ரிம்மின் ஈரத்தைத் துடைத்துவிட்டு, பிறகுதான் அழுத்துவார்கள். ஏறத்தாழ 20 கிலோ எடையுள்ள வண்டியை எதிர்க்காற்றில் மிதிக்கும்போது வேகத்தை மனத்தில் கொள்ளாமல் மிதிப்பின் சீரைக் கொள்ளவேண்டும். புதிய வண்டிக்காரர்கள் பழைய வண்டியில் ஏறியதும் எழுந்து நின்று மிதிக்கிறார்கள். இந்த வண்டிகள் உட்கார்ந்து ஓட்டுவதற்குச் செய்தவை.

இத்தாலியின் தஸ்கனியில் 1997இல் தொடங்கிய 'லெரோயிகா' என்ற ஓட்டம் இவ்வகையில் எனக்குப் பிடித்தது. 1987க்கு முற்பட்ட பந்தய வண்டிகளுக்கே அங்கே இடம். கியர் மாற்றும் நெம்பு சட்டகத்தின் கீழ்த்தண்டில் இருக்கவேண்டும் என்பது வரை விதி இருக்கிறது. கேலிக்கூத்தாகத் தோன்றலாம். ஆனால் கையை ஹேண்டிலிலிருந்து எடுத்து, குனிந்து, ஒலி கேட்டுக் கியர் மாற்றும் ஒரு பழக்கத்தை அவ்விதி காப்பாற்றிவிட்டது. அதோடு அந்தப் பக்கத்து வெண்ணிற மண்சாலைகள் தார் பூசப்படாமல் பிழைத்திருக்கவேண்டும் என்பதும் அவ்வோட்டத்தைத் தொடங்கியவர்களின் நோக்கம். முதல் ஆண்டில் வந்தவர்கள் 92 பேர். இன்று ஆயிரக்கணக்கில் வருகிறார்கள். வண்டி, சாலை, ஓட்டும் முறை மூன்றையும் ஒன்றாகப் பார்த்தது அவர்களது அறிவு. நம்மவர்களின் ஞாயிற்றுக்கிழமை ஓட்டத்தில் சில வண்டிகள் வேனில் ஏறி வந்து வேனில் ஏறிப் போவதைப் பார்க்கிறேன்.

வண்டியைப் பழுதுபார்ப்போரின் சொற்களைப் பற்றியும் சொல்லியாக வேண்டும், என் தொழில் அது. முதுகலை மாணவர் இருவரைச் சைக்கிள் கடைகளுக்கு அனுப்பிச் சொற்களைத் தொகுத்து வரச் செய்தேன். முகம் சுளித்துக்கொண்டு போனவர்கள் இரண்டு குயர் நோட்டோடு திரும்பினார்கள். ஆங்கிலத்திலிருந்து வந்தவை நம் நாவில் பட்ட பாடு தனிச்சுவை. முழுப் பராமரிப்பைக் குறிக்கும் ஆங்கிலச் சொல் 'ஓவராயில்' ஆகிவிட்டது. எல்லாவற்றையும் கழற்றி எண்ணெய் போடுவதால் அப்படிப் பெயர் என்று கடைக்காரர் விளக்கமும் தந்திருக்கிறார். உருண்டைக் குண்டுகள் 'பால்ரஸ்'. காற்று திரும்பாமல் தடுக்கும் ரப்பர்க் குழல் 'வால்டியூப்'. வளைவை நிமிர்த்துவது 'பெண்டு எடுத்தல்'. அதிலிருந்து, ஒருவனைக் கடுமையாக வேலை வாங்குவதற்கும் 'பெண்டு நிமிர்த்துதல்' என்று பெயர் வந்துவிட்டது. திருகின் புரிக்கு 'மறை'. இடப்பெடலின் மறை மட்டும் எதிர்ப்புறம் திரும்பும். தெரியாமல் முறுக்கினால் மறை கழன்றுவிடும். புத்தி பிசகியவரை 'மறை கழன்றவர்' என்பதும் இந்த மறைதான், வேதமன்று.

எனக்குப் பெரும் வியப்பைத் தந்தது 'கோட்டம்'. சக்கரம் நேராகச் சுழலாமல் நெளிந்தால் கோட்டம் இருக்கிறது என்பார்கள். கம்பிகளை ஒவ்வொன்றாக இறுக்கியும் தளர்த்தியும் நேராக்குவது கோட்டம் எடுத்தல். கோடுதல் என்றால் வளைதல். நடுவுநிலைமையிலிருந்து வழுவுவதைச் சொல்ல வள்ளுவர் ஆண்டதும் இதே சொல்தான். வகுப்பறையில் அருஞ்சொற்பொருள் எழுதி விளக்கும் ஒரு சொல்லை, ஸ்பேனர் பிடித்த கை அன்றாடம் ஆண்டுகொண்டிருக்கிறது. முன்சக்கரத்தில் 32 கம்பி, பின்சக்கரத்தில் 40. இந்த 72 கம்பிகளையும் விரலால் சுண்டி, ஒலி வேறுபாட்டிலேயே எது தளர்வு என்று சொல்லும் முதியவர் ஒருவர் எங்கள் ஊரில் இன்னும் கடை திறக்கிறார். அவரிடம் கற்றுக்கொள்ள ஆள் வரவில்லை. பழைய வண்டிக்குப் பெருந்தொகை கொடுப்பவர்கள், கோட்டம் எடுக்க ஒரு பையனை அவரிடம் ஆறு மாதம் அமர்த்தி அவனுக்கு மாதச் செலவு தரலாகாதா?

ஆகவே நண்பர்களிடம் நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. வண்டி கைக்கு வந்ததும் ஸ்பேனரை எடுக்காதீர்கள். முதலில் படம் எடுங்கள், நான்கு பக்கமும், கேரியரின் அடிப்புறம் உட்பட. யாரிடமிருந்து வந்தது, அவர் என்ன தொழில் செய்தார், எந்த ஊருக்கும் எந்த ஊருக்கும் இடையே ஓட்டினார் என்று கேட்டு எழுதுங்கள். விற்றவர் வீட்டில் கிழவி ஒருத்தி இருந்தால் அவளிடம் கேளுங்கள், அவளுக்கு எல்லாம் தெரியும். துருவுக்கு மணல்வீச்சு வேண்டாம். மண்ணெண்ணெயும் துணியும் பித்தளைத் தூரிகையும் பொறுமையும் போதும். அழுக்குக்குக் கீழே பழைய பெயின்டும் சில வேளைகளில் கடைக்காரர் ஒட்டிய முகவரிச் சீட்டும் கிடைக்கும். கிராங்கைப் பிடித்திருக்கும் காட்டர் பின்னைச் சுத்தியால் அடிக்கும்போது அடியில் ஓர் இரும்புக் குழாயை முட்டுக்கொடுங்கள், இல்லையேல் அடி முழுவதும் பால்ரஸில் இறங்கும். தோல் சீட்டை எண்ணெயில் ஊறவைக்காதீர்கள், தளர்ந்து தொங்கிவிடும். பட்டறைக் கேரியரைக் கழற்றியே ஆகவேண்டும் என்றால், ஒரு சாக்கில் கட்டிச் சீட்டு எழுதி வையுங்கள். உங்கள் பேரன் பூட்டிக்கொள்வான்.

இறுதியாக ஒரு வினா. 2001-02 கல்வியாண்டில் பதினோராம் வகுப்பு ஆதிதிராவிடர், பழங்குடி மாணவியருக்கென்று தொடங்கி, 2005-06இல் மற்ற மாணவ மாணவியருக்கும் விரிந்த விலையில்லா மிதிவண்டிகளில் ஒன்றையேனும் எந்தச் சேகரிப்பாளராவது வாங்கி வைத்திருக்கிறாரா? லட்சக்கணக்கில் கொடுக்கப்பட்டவை. வாங்கிய சூட்டோடு விற்றவர்களும் உண்டு, அவற்றிலேயே கல்லூரிக்கு வந்து பட்டம் பெற்றுச் சென்றவர்களும் உண்டு. என் வகுப்பிலேயே இருந்திருக்கிறார்கள். முதல் தொகுதி வண்டிகளுக்கு இப்போது இருபது வயதைத் தாண்டிவிட்டது. 2020 ஜூன் 3, உலக மிதிவண்டி நாளன்று, அட்லஸ் நிறுவனம் சாகிபாபாத் ஆலையின் கதவை மூடியபோது வருந்தி எழுதியவர்கள் பலர். அட்லஸ் தகடு இன்று விலையேறியும் விட்டது. இந்த வண்டிகளுக்கு அந்த மவுசு இல்லை. கைப்பிடியில் பிளாஸ்டிக் பூ சுற்றியது, கூடையில் பெயர் எழுதியது, தங்கைக்காகச் சீட்டைத் தாழ்த்திக் கட்டியது என்று ஒவ்வொன்றிலும் ஒரு பாடபேதம் இருக்கும். காயலான் கடைகளில் இப்போது கிலோ விலைக்குப் போய்க்கொண்டிருக்கின்றன. அடுத்த ஞாயிற்றுக்கிழமை அந்தப் பக்கம் போகிற நண்பர்கள் நாரைத் தலையைத் தேடும்போது, பக்கத்தில் சாய்த்திருப்பதையும் ஒருமுறை திருப்பிப் பார்க்கட்டும். கூடையில் எழுதிய பெயர் இன்னும் படிக்கும்படி இருந்தால் அந்த ஒன்றை எனக்காக எடுத்து வையுங்கள். விலையை நான் கொடுத்துவிடுகிறேன்.